போவதற்கு ஒரு காரணம்

சென்னைக்குப் போய் ஒரு சனி, ஞாயிறு தங்கிவிட்டு வரலாம் என்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்து ஒன்றரை மாதம் ஆகிறது. மூவரும் ஒரே கல்லூரி. நான் தமிழ்த்துறை, ஒருவர் இயற்பியல், இன்னொருவர் நூலகர். வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி முடிந்து திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பினால் திங்கள் முதல் வகுப்புக்கு வந்துவிடலாம். இவ்வளவுதான் பயணம்.

ஆனால் எங்கள் பட்டியலில் சென்னை இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் பக்கம் முழுக்க வீடு. இரண்டு நாளைக்கு மாவு. மாமியாரின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி ஒட்டுவது. மகனுக்கு டியூஷன் எத்தனை மணிக்கு என்று அவன் அப்பாவுக்குச் சொல்வது (மூன்று வருடமாக அதே நேரம்தான்). தண்ணீர் மோட்டார். பால் கார்டு. இயற்பியல் தோழியின் பட்டியலில் இன்னொரு பத்தியும் இருந்தது: யாரிடம் என்ன சொல்வது. மாமியாரிடம் கருத்தரங்கு. நாத்தனாரிடம் சென்னையில் ஒரு தோழியின் மகளுக்கு வளைகாப்பு. கீழ்வீட்டு அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். "முப்பது வருஷம் இயற்பியல் படிச்சு, பொய்யை அட்டவணை போட்டு வச்சிருக்கேன் பாருங்க" என்று அவரே சிரித்தார்.

ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் என் கணவரும் அவருடைய நண்பர்களும் குற்றாலம் போவார்கள். ஒருவர் போன் செய்வார், அரை மணி நேரத்தில் கார் வந்து நிற்கும், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தத் துண்டின்மேல்தான் பொறாமை.

பெண் ஊருக்குப் போகிறாள் என்றால் உடனே வருகிற கேள்வி "எதுக்கு?" என்பது. அதற்குச் செல்லுபடியாகும் பதில்கள் சில உண்டு. கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி, பிரசவம். படித்த பெண்களுக்குக் கூடுதலாகத் தேர்வு, நேர்காணல், விடைத்தாள் திருத்தும் பணி. எல்லாமே காரியங்கள். காரியமில்லாமல் போவதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது, சும்மா. ஆண் சும்மா போகலாம். அவனை ஊர்சுற்றி என்று வைவார்கள், அந்த வசவில் கொஞ்சம் செல்லமும் இருக்கும். பெண்ணுக்கு அதே வினையைச் சொல்ல மொழி வேறு சொல்லை எடுத்து நீட்டும். மேய்தல் என்பது மாட்டுக்கும் பெண்ணுக்கும் மட்டும் எப்படிப் பொதுவானது என்று ஒரு முறை வகுப்பில் கேட்டேன். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

வேலை தமிழ் இலக்கியம் என்பதால் எதைத் தொட்டாலும் கடைசியில் சிலப்பதிகாரத்தில் போய் நிற்பது என் வழக்கம். பெரிய நகரம் ஒன்றுக்கு ஒரு பெண் போவதை இவ்வளவு விரிவாகச் சொன்ன பழைய நூல் நம்மிடம் வேறில்லை. கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறாள். கால் நோக, காடு கடந்து, வெயிலுக்கு அஞ்சிப் பாண்டிய நாட்டுக்குள் இரவு நேரத்தில் நடந்து, ஊருக்கு வெளியே புறஞ்சேரிக்கு வந்து சேர்கிறார்கள். அடுத்து வருவது ஊர்காண் காதை. ஊரைக் காண்பவன் கோவலன். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு அவன் மட்டும் கோட்டைக்குள் போகிறான். கணிகையர் வீதி, மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். இத்தனை நாள் நடந்து வந்தவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு மாதரி அவளை அடைக்கலமாகப் பெற்று, மாலையில் கோட்டை வாயிலைக் கடந்து, நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே கண்ணகி என்ன செய்கிறாள்? சமைக்கிறாள். கோவலன் சாப்பிட்டுவிட்டுச் சிலம்போடு கிளம்புகிறான். அவன் செத்த செய்தி வந்த பின்புதான் அவள் மதுரைத் தெருவில் நடக்கிறாள். கையில் ஒற்றைச் சிலம்பு. போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இதை நான் பல ஆண்டு பாடமாக நடத்தியிருக்கிறேன். கற்பு, ஊழ்வினை, அறம் எல்லாம் பேசியிருக்கிறேன். அவள் மதுரையைப் பார்க்கவில்லை என்பது சென்ற மாதம், ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

மணிமேகலை வேறு மாதிரி. அவள் தனியாகப் பயணம் போகிறாள், வஞ்சிக்கும் காஞ்சிக்கும் போகிறாள். அதற்காகத் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது. வேற்றுருக் கொள்ள ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசி தீர ஒன்று. வஞ்சியில் பலசமயத்தார் வாதங்களைக் கேட்கப் போகும்போது ஆண்துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். தனியாகப் போகும் பெண்ணுக்கு என்னென்ன தேவைப்படும் என்று சாத்தனாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெருவில் கால் வைக்கக் கூடாது, பெண்ணாகத் தெரியக் கூடாது, சாப்பாட்டுக்கு எங்கும் உட்காரக் கூடாது. நான்காவதாக ஒரு மந்திரம் வேண்டும் என்று நூலகர் அக்கா சொன்னார். "பாத்ரூம் வராம இருக்க."

அதைச் சிரிப்பாக விட்டுவிட முடியாது. பெண்கள் பயணத்தைக் கிலோமீட்டரில் திட்டமிடுவதில்லை, கழிப்பறைகளை வைத்துத்தான் திட்டமிடுகிறோம். பேருந்தில் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறோம். மெரினாவில் எவ்வளவு நேரம் இருப்பது என்ற எங்கள் பெரிய விவாதம் உண்மையில் அதைப் பற்றியதுதான்.

இந்திய ரயில்வே சட்டம் 1890இல் வந்தது. அதன் 64ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும், 1891 ஜனவரி 1 முதல், மிகக் கீழ்வகுப்புப் பெட்டியில் குறைந்தது ஓர் அறையைப் பெண்களுக்கு மட்டும் என ஒதுக்க வேண்டும். வண்டி 50 மைலுக்கு மேல் போவதாக இருந்தால் அப்படி ஒதுக்கிய ஓர் அறையில் கழிப்பறை இருக்க வேண்டும். முதன்முதலாக இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை, சொத்துரிமை இல்லை, பட்டம் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் 50 மைலுக்கு அப்பால் அவளுக்கும் ஓர் உடல் இருக்கிறது என்பதைச் சட்டம் அச்சில் ஒப்புக்கொண்டது. இதில் அக்கறை மட்டுமே இருந்தது என்று சொல்ல வரவில்லை. குடும்பப் பெண் அந்நிய ஆணின் கண்ணில் படக் கூடாது என்ற கவலையும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. ஆனாலும் மறைப்பதற்காக அடித்த பலகைக்குப் பின்னால் பெண்கள் ஒருவரோடொருவர் ஊர்க்கதை பேசிக்கொண்டு போயிருப்பார்கள். சாதி பார்க்காமல் பேசினார்களா என்றால், அதை நம்பும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அந்தப் பழைய ஏற்பாட்டின் பேத்திதான். முன்பதிவில் நாம் தேர்ந்தெடுக்கும் 'லேடீஸ் கோட்டா'வும் அதே வம்சம்.

சென்னைக்கு வந்த பெண்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்தவர். இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை 1936இல் வெளியிட்டவர். கட்டாய இந்தியை எதிர்த்து 1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து ஒரு படை சென்னைக்கு நடந்தே கிளம்பியது. சுமார் நூறு ஆண்கள் நடந்த அந்தப் படையில் அவரும் போனார். வயது 55. செப்டம்பர் 11 அன்று சென்னை வந்து சேர்ந்தார்கள், 42 நாள். என் வீட்டில் இரண்டு நாளுக்கு மாவு அரைத்து வைக்கும்போது இந்த 42 என்ற எண் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 13, சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தேதியைச் சரிபார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. இந்த மாநாட்டைப் பள்ளிப்புத்தகங்கள் ஒரே ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றன. ஈ.வெ.ராமசாமிக்குப் 'பெரியார்' என்று பெயர் சூட்டியது இங்கேதான். பெயர் வைத்த பெண்களின் பெயரைக் கேட்டால் நம் மாணவிகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள்மேல் தவறில்லை, நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞாயிறு மாநாடு முடிந்தது. சாதாரணமாக நாம் செய்வது போல அன்றிரவே வண்டியேறித் திங்கட்கிழமை அடுப்பைப் பற்றவைத்திருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை, நவம்பர் 14, டாக்டர் தருமாம்பாள், ராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகிய ஐந்து பேர் இந்து தியாலஜிகல் பள்ளி முன் மறியல் செய்து கைதானார்கள். கைக்குழந்தையும் கூடவே போனது. அந்தப் போராட்டத்தில் மொத்தமாகச் சிறை சென்ற பெண்கள் 73 பேர், அவர்களோடு உள்ளே போன குழந்தைகள் 32. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கிறது. யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் அந்த 32இன் பொருள் என்று நினைக்கிறேன்.

இனி, தங்குமிடம். நகரத்துக்குப் போவதைவிட அங்கே ஓர் இரவு படுப்பது கடினம்.

மெரினாவுக்கு எதிரே ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அதே கட்டடத்தில் 1917 முதல் இருபது ஆண்டுக்கு மேல் இளம்விதவைகள் தங்கிப் படித்தார்கள். சகோதரி சுப்பலட்சுமி நடத்திய விடுதி. தானே குழந்தை விதவையாக இருந்து, 1911இல் பி.ஏ. முடித்து, முதலில் எழும்பூரில் ஒரு வீட்டில் சில பெண்களோடு தொடங்கியது, இடம் போதாமல் கடற்கரைக்கு வந்தது. தலை மழித்து மூலையில் உட்கார வைத்திருந்த பெண்பிள்ளைகளைத் தந்தைமார் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் ஆசிரியைகளாகி வெளியே போனார்கள். ஒன்பது நாள் தங்கியவர் பெயரில் கட்டடம் இருக்கிறது.

இந்த இடத்தில் சுப்பலட்சுமியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கானது. மற்ற சாதிப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தின் கட்டாயம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அதே காலத்தில்தான் ராமாமிர்தமும் வாழ்ந்தார் என்பேன். ஆனாலும் தலை மழிக்கப்பட்ட ஒரு பதினைந்து வயதுப் பெண் அந்த மாடியில் நின்று முதன்முறையாகக் கடலைப் பார்த்திருப்பாளே என்று நினைக்கும்போது என் கோபம் பாதிதான் மிஞ்சுகிறது.

2004இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னை போனேன். வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925 முதல் நடத்திய 'ஜகன்மோகினி' இதழ்களைப் பார்க்க வேண்டும். ரோஜா முத்தையா நூலகம் அப்போது முகப்பேரில் இருந்தது. தங்க இடம் கொடுப்பதாகச் சொன்ன உறவினர் வீட்டில் திடீரென்று ஒரு சாவு. எழும்பூரில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே, "தனி லேடீஸுக்கு ரூம் இல்லீங்க. கூட யாராச்சும் வராங்களா?" என்றார். பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிதான்" என்றார். அடுத்த லாட்ஜில் இதையும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. அந்த இரவில் அது எனக்குத் தெரிந்திருந்தும் பயனில்லை.

எழும்பூர் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையில் படுத்தேன். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பாட்டி, தூத்துக்குடிக்காரி, மகளுடைய பிரசவத்துக்கு வந்தவர், நான் தூங்கும்போது என் செருப்பை எடுத்துத் தன் சாக்குப்பைக்குள் வைத்திருந்தார், திருடுபோகாமல் இருக்க. காலையில் அங்கேயே குளித்துவிட்டு முகப்பேர் போய், பெண்விடுதலை பற்றிக் கோதைநாயகி எழுதியவற்றைக் குறிப்பெடுத்தேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் பதினேழு பேர் பெயர் இருக்கிறது. காத்திருப்பு அறை இல்லை, பாட்டியும் இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறோம். அரசின் தோழி விடுதிகள் வந்திருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊருக்குள் சுற்ற அதுதான் எங்கள் வாகனம். எங்கெங்கே போவது என்ற பட்டியல் சிறியது. ராணி மேரிக் கல்லூரி, 1914இல் தொடங்கிய, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் தலைமைச் செயலகம் கட்ட அதை இடிக்கப் போவதாக அரசு சொன்னபோது மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் போராடிக் காப்பாற்றினார்கள். பிறகு ஐஸ் ஹவுஸ். பிறகு கடற்கரையில் கண்ணகி சிலை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது, 2001 டிசம்பரில் ஒரு நாள் காணாமல் போனது, 2006இல் திரும்பி வந்தது. கைச்சிலம்போடு நிற்கிறாள். ஊர் பார்க்க விடாதவளை ஊர் பார்க்கும் இடமாக்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிவான பிறகு அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்கு 71 வயது. சென்னைக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறாள், 1987இல், மாமாவின் ஆபரேஷனுக்கு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஏட்டி, நானும் வரட்டா?" என்றாள்.

என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "எதுக்கும்மா?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. முழங்கால் வலி, படிக்கட்டு, இரவு நாலு தடவை எழுந்திருக்கிற ஆள், எங்கள் மூவரின் இரண்டு நாள் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது உண்மை. லாட்ஜ் மேசைக்குப் பின்னால் இருந்தவரின் குரலில்தான் நானும் கேட்டிருக்கிறேன். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது வருடமாகக் கேட்ட கேள்வி.

"சும்மாதான். அந்த எல்.ஐ.சி. பில்டிங் இன்னும் இருக்கா?"

எல்.ஐ.சி. கட்டடம். 1959இல் திறந்த, பதினான்கு மாடி. அம்மா பார்த்த படங்களில் எல்லாம் சென்னை வந்து இறங்கும் ஆள் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். பார்ப்பது எப்போதும் ஆண். அதே படத்தில் பெண் தனியாக வந்து இறங்கினால் அடுத்த காட்சியில் யாரோ அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அல்லது அவளையே. அதைவிட உயரமான கட்டடங்கள் இப்போது நிறைய இருக்கின்றன என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுல்லா" என்றாள்.

"அப்பாவுக்குச் சாப்பாடு?"

"மாவு வச்சிட்டு வாரேன். தோச சுடத் தெரியாதா அவுகளுக்கு, ரெண்டு நாள்தான?"

60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுவதால் எங்கள் மூவருக்கும் அப்போதே இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். 58 வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்பவில்லை. முழுக்கட்டணம் கட்டினேன். தங்குமிடத்துக்கான படிவத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று பேருக்கும் 'ஆய்வு' என்று போட்டிருந்தேன், பழக்கதோஷம். அம்மாவுக்கு அதைக் காலியாக விட்டேன். யாரும் கேட்கவில்லை.

நேற்று ஆர்.ஏ.சி.க்கு வந்திருக்கிறது. பாதிப் படுக்கை. கீழ்ப்படுக்கையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பாதியில் நான் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. இன்று காலை மறுபடி போன் செய்தாள். தயிர்சாதம் கட்டுவதா, புளிசாதமா என்று கேட்டாள். வைத்துவிடப் போனவள், "ஏட்டி, அந்தப் பில்டிங்ல மேல ஏற விடுவாகளா? லிஃப்ட் உண்டும்லா?" என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.